மேல் பாதி கனவான், கீழ் பாதி நாடோடி

போன செமஸ்டரில் ஒரு நாள். மதியச் சாப்பாடு முடிந்து வரும் முதல் பீரியட், இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். டைம் ஸ்டடி, மோஷன் ஸ்டடி என்று போர்டில் எழுதும்போதே பாதி கிளாஸ் சாமியாட ஆரம்பித்துவிட்டது. சார் என்ன நினைத்தாரோ, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ப்ரொஜெக்டரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். கன்வேயர் பெல்ட் முன்னால் ஒருத்தர். இரண்டு கையிலும் ஸ்பேனர். வந்துகொண்டே இருக்கும் நட்டுகளை முடுக்கிக்கொண்டே இருக்கிறார். அக்குளில் அரிக்கிறது, சொறிந்தால் பீஸ் தப்பிப் போகிறது. முகத்துக்கு நேரே பூச்சி பறக்கிறது, விரட்ட நேரமில்லை. ஏசி ரூம் மாதிரி ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் முதலாளி, ஸ்கிரீனில் தோன்றி வேகத்தைக் கூட்டச் சொல்கிறார். கடைசியில் ஆள் பெல்ட்டோடு போய் மெஷினுக்குள்ளேயே விழுந்து, பல்சக்கரங்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டே அங்கேயும் நட்டு முடுக்குகிறார். தூங்கினவன் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

லைட் போட்டதும் சார் ஒன்றே ஒன்று கேட்டார். வேலைக்குப் போன பிறகு நீங்கள் எல்லாம் அந்த பெல்ட் பக்கம் நிற்பீர்களா, சுவிட்ச் பக்கம் நிற்பீர்களா என்று. யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி ஹாஸ்டல் வைஃபை தயவில் 'மாடர்ன் டைம்ஸ்' முழுசாகப் பார்த்தேன். அடுத்த பத்து நாளில் அந்த மனுஷனுடைய மற்ற படங்களையும் தேடித் தேடிப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

சார்லி சாப்ளினை யாருக்குத் தெரியாது? டீ ஷர்ட்டில் இருக்கிறார், சலூன் கண்ணாடியில் ஸ்டிக்கராக இருக்கிறார். 'புன்னகை மன்னன்' படத்தில் கமல் போட்ட சாப்ளின் செல்லப்பா வேஷம் நம்ம அப்பா அம்மா தலைமுறைக்கு மனப்பாடம். தொப்பி, மீசை, கைத்தடி, வாத்து நடை. ஆனால் அந்த உடுப்பை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். இடுப்புக்கு மேலே பௌலர் தொப்பி, இறுக்கமான கோட்டு, டை, கையில் தடி. லண்டன் கனவான் ஒருவருக்குக் குறைவில்லை. இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று யாருடையதோ பேன்ட், காலுக்குப் பொருந்தாத பெரிய ஷூ. ஒரே உடம்பில் மேல் வர்க்கமும் கீழ் வர்க்கமும் பாதிப் பாதி. சும்மா சிரிக்க வைக்கப் போட்ட வேஷம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவருடைய சின்ன வயசுக் கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

1889 ஏப்ரல் 16, லண்டன். அப்பாவும் அம்மாவும் மியூசிக் ஹால் பாடகர்கள். அந்தக் காலத்து லண்டனில் மியூசிக் ஹால் என்றால் பாட்டு, கூத்து, காமெடி எல்லாம் கலந்த மலிவான மேடைக் கச்சேரி. அப்பா குடித்தே குடும்பத்தை விட்டுப் போனவர். அம்மா ஹன்னாவுக்குக் குரல் போய்விட்டது. ஒரு ராத்திரி மேடையிலேயே குரல் உடைந்து, கூட்டம் கேலி செய்ய, அவருக்குப் பதிலாக ஐந்து வயசுப் பையன் சார்லியை மேடையில் விட்டார்கள். பையன் பாடினான், சில்லறை மழை பொழிந்தது, பாட்டை நிறுத்திவிட்டுக் காசு பொறுக்கினான், கூட்டம் அதற்கும் சிரித்தது. அவனுக்கு அதுதான் முதல் மேடை. அம்மாவுக்குக் கிட்டத்தட்ட அதுதான் கடைசி.

அதன் பிறகு தையல் வேலை, வாடகை பாக்கி, அடகுக்கடை. 1896-இல் வழியே இல்லாமல் ஹன்னா தன் இரண்டு பையன்களோடு லாம்பெத் ஏழைகள் விடுதிக்குள் போனார். விடுதி என்று நாம் சொல்கிறோம். அங்கே போவது ஊரார் முன் தலைகுனிவு. வாசலிலேயே அம்மாவையும் பிள்ளைகளையும் பிரித்துவிடுவார்கள். சொந்தத் துணியை வாங்கி வைத்துக்கொண்டு விடுதி உடுப்பைக் கொடுப்பார்கள். முதல் தடவை அம்மாவை அந்த உடுப்பில் பார்த்தபோது அவர் வேறு யாரோ போல, வயசானவராக, கூனிக் குறுகித் தெரிந்தாராம். ஏழு வயசுப் பையன் மனசில் அது அப்படியே தங்கிவிட்டது. கொஞ்ச நாளில் பையன்களை ஹான்வெல் என்ற இடத்தில் இருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே படர்தாமரை வந்து, தலையை மொட்டையடித்து அயோடின் தடவி, மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே வராதபடி ஒதுக்கி வைத்தார்கள்.

இந்த நாட்களில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் காலையில் ஹன்னா தானும் பிள்ளைகளும் விடுதியை விட்டு விலகுவதாக அறிவித்தார். விதிப்படி அவர்களுடைய சொந்தத் துணிகளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கிருமி போக ஆவியில் வேகவைத்து மூட்டை கட்டியிருந்த துணிகள், இஸ்திரி இல்லாமல் கசங்கிப் போயிருந்தன. அதைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார்கள். கையில் இருந்த ஒன்பது பென்ஸில் கொஞ்சம் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். பழைய பேப்பரைக் கசக்கி நூலால் கட்டிப் பந்து விளையாடினார்கள். சாயங்காலம் டீ நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து மறுபடி ஏழைகளாகப் பெயர் பதிந்துகொண்டார்கள். விடுதிக்காரர்களுக்குச் செம கோபம். மறுபடி முதலிலிருந்து எல்லாப் பதிவும் எழுத வேண்டும், அந்தத் துணிகளை மறுபடி வேகவைக்க வேண்டும்.

ஒரே ஒரு பகல், சொந்தத் துணியில் மனுஷர்களாக இருந்துவிட்டு வந்தார்கள். ஆபீஸ் விதியையே வைத்து ஆபீஸை ஏமாற்றிய அந்த அம்மாவின் குறும்புதான் பிற்பாடு பையனுடைய எல்லாப் படத்திலும் ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அப்பா 38 வயசில் குடியால் செத்தார். அம்மாவுக்கு மனநிலை பாதித்தது. 1903-இல் ஒரு நாள் சார்லி வீடு திரும்பியபோது தெருப் பிள்ளைகள் வாசலிலேயே சேதி சொன்னார்கள். அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கரித்துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். பதினாலு வயசுப் பையன் அம்மாவை நடத்தியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். சரியான சாப்பாடு இல்லாததும் ஒரு காரணம் என்றார்கள். அண்ணன் சிட்னி அப்போது கப்பல் வேலையில் எங்கோ கடலில். சார்லி தனி ஆள்.

நாடகக் கம்பெனிகளில் சேர்ந்தது, ஃப்ரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் பேர் வாங்கியது, அந்தக் குழுவோடு அமெரிக்கா போனது இதையெல்லாம் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். 1913 கடைசியில் கீஸ்டோன் கம்பெனி வாரத்துக்கு 150 டாலருக்கு அவரை சினிமாவுக்கு எடுத்தது. 1914 தொடக்கத்தில் உடுப்பு அறைக்குள் போய், ஒன்றுக்கொன்று பொருந்தாத துணிகளாகப் பார்த்து எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்த நாடோடி பிறந்தது அப்போதுதான். இரண்டே வருஷத்தில், 1916-இல், மியூச்சுவல் கம்பெனி வாரத்துக்கு 10,000 டாலர், அதற்கு மேல் 1,50,000 போனஸ் கொடுத்தது. ஏழைகள் விடுதியில் இருந்த பையன் 27 வயசில் உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்குகிறவர்களில் ஒருவன். 1919-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், மேரி பிக்ஃபோர்ட், டி.டபிள்யூ. கிரிஃபித்தோடு சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தொடங்கி, முதலாளியும் ஆகிவிட்டார்.

ஏன் இவ்வளவு வேகம்? அந்தக் கால அமெரிக்க நகரங்களில் மலிவு டிக்கெட் தியேட்டர்களை நிரப்பியவர்களில் பெரும் பங்கு வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கிலீஷ் சரியாக வராது. ஊமைப் படத்துக்கு மொழி வேண்டாம். திரையில் போலீஸைக் கண்டால் ஓடும், பசியோடு ஹோட்டல் வாசலில் நிற்கும், ஆனால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும் மரியாதையை மட்டும் விடாத ஓர் ஆள். அது தாங்கள்தான் என்று அவர்களுக்குப் புரிய சப்டைட்டில் தேவைப்படவில்லை.

1917-இல் 'தி இமிக்ரன்ட்'. கப்பலில் அகதிகள் போல மனுஷர்கள் அடைந்து கிடக்கிறார்கள். சுதந்திர தேவி சிலை தெரிகிறது. எல்லார் முகத்திலும் பரவசம். அடுத்த நொடி அதிகாரிகள் வந்து கயிற்றைக் கட்டி ஆடுமாடு மாதிரி எல்லாரையும் ஓரம் தள்ளுகிறார்கள். சார்லி திரும்பி ஒரு தடவை அந்தச் சிலையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். வசனமே இல்லை. பிறகு நேரம் பார்த்து அதிகாரியின் பின்பக்கம் ஓர் உதை. முப்பத்தைந்து வருஷம் கழித்து அமெரிக்கா இந்த உதையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கதை பின்னால் வரும்.

1921-இல் 'தி ஐடில் கிளாஸ்'. நாடோடியும் சாப்ளின், குடிகாரப் பணக்காரரும் சாப்ளின். மாறுவேட விருந்துக்குள் தப்பி நுழைந்த நாடோடியைப் பணக்காரரின் மனைவியே தன் புருஷன் என்று நினைத்துக் கொஞ்சுகிறார். உடுப்பை எடுத்துவிட்டால் உயர்ந்தவனும் தாழ்ந்தவனும் ஒரே மூஞ்சி. அதே வருஷம் 'தி கிட்' வந்தது. பிறந்து மூன்றே நாளில் தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்த சில வாரங்களுக்குள் தொடங்கிய படம். அனாதைப் பையனை அநாதை விடுதிக்கு இழுத்துப் போக அதிகாரிகள் வண்டியோடு வரும் காட்சியில், அந்தப் பையன் கையை நீட்டி அழுவதைப் பார்த்துவிட்டு ஹான்வெல்லை நினைக்காமல் இருக்க முடிந்தால் உங்களுக்குக் கல் நெஞ்சு.

அம்மாவை அந்த 1921-இலேயே கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்து, கடற்கரைப் பக்கம் வீடும் கவனிக்க ஆட்களும் வைத்தார். 1928-இல் ஹன்னா இறந்தார்.

'சிட்டி லைட்ஸ்' 1931. பேசும் படம் வந்து ஊரே பேசிக்கொண்டிருந்தபோது பிடிவாதமாக வசனம் இல்லாமல் எடுத்தது. இதில் ஒரு கோடீஸ்வரர் வருகிறார். போதையில் இருக்கும்போது நாடோடிதான் உயிர் நண்பன். கட்டிப்பிடிப்பார், வீட்டுக்குக் கூட்டிப் போவார், காரையே எடுத்துக்கொள் என்பார். விடிந்து போதை தெளிந்தால் இவன் யார், வெளியே தள்ளு. சமூக ஏற்றத்தாழ்வைப் பற்றி எத்தனை லெக்சர் கேட்டாலும் இதைவிடத் தெளிவாகப் புரியாது. இன்னொரு பக்கம் கண் தெரியாத பூக்காரப் பெண். கார் கதவு சாத்தும் சத்தத்தை வைத்து நாடோடியைப் பணக்காரன் என்று நம்பிவிடுகிறாள். அந்த ஒரு தப்பெண்ணத்தை வசனம் இல்லாமல் காட்டுவதற்கு வழி தேடி 300-க்கும் மேல் டேக் எடுத்தார் என்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திரையில் தொழிலாளி பக்கம் நின்றவர், செட்டில் கொடுங்கோல் முதலாளி. அந்தப் பூக்காரியாக நடித்த நடிகையை நடுவில் வேலையை விட்டே தூக்கி, வேறு வழியில்லாமல் திரும்பக் கூப்பிட்டார். கல்யாண விஷயங்கள் இன்னும் மோசம். முதல் இரண்டு மனைவிகளுக்கும் கல்யாணத்தின்போது வயசு பதினாறு. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அந்தக் காலத்திலேயே ஊர் காறித் துப்பியது. 1919-இல் வந்த 'எ டேஸ் பிளெஷர்' குறும்படத்தில், கப்பல் ஆட்டத்தில் குமட்டி ஒரு கறுப்பின வாத்தியக்காரர் முகம் வெளுத்துப் போவது ஜோக். யாருடைய தோலும் சிரிப்புக்குரியதில்லை என்பது அவருக்கே உடனே பிடிபட்ட விஷயம் இல்லை.

'சிட்டி லைட்ஸ்' வெளியான கையோடு உலகச் சுற்றுலா கிளம்பினார். 1931 செப்டம்பர் 22-ஆம் தேதி, கிழக்கு லண்டனில் கேனிங் டவுன் என்ற ஏழைப் பகுதியில், இந்திய டாக்டர் ஒருவரின் சின்ன வீட்டில் காந்தியைச் சந்தித்தார். வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்திக்கு சாப்ளின் யார் என்றே தெரியாது. கூட இருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. தெருவெல்லாம் கூட்டம். சாப்ளின் நேராகத் தன் சந்தேகத்தைக் கேட்டார். இந்தியா விடுதலை பெற வேண்டும் என்பதில் அவருக்கு முழு உடன்பாடு. ஆனால் இயந்திரம் மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு? நல்லபடி பயன்படுத்தினால் மனுஷனுக்கு வேலைச் சுமை குறைந்து, யோசிக்கவும் சந்தோஷமாக இருக்கவும் நேரம் கிடைக்குமே? காந்தி அதை மறுக்கவில்லை. இங்கிலாந்தின் இயந்திரத் துணிதான் எங்களை அவர்களுக்கு அடிமையாக்கியது, அதிலிருந்து விடுபடத்தான் நூல் நூற்கிறோம் என்று விளக்கினார். பிறகு பிரார்த்தனை. சாப்ளின் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

அந்தப் பேச்சிலிருந்தே படம் பிறந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். டெட்ராய்ட் கார் ஃபேக்டரிகளைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். கிராமத்திலிருந்து திடகாத்திரமாக வரும் பையன்கள், பெல்ட் முன்னால் நாலைந்து வருஷம் நின்றதும் நரம்புத் தளர்ச்சியோடு திரும்புகிறார்கள் என்று ஒரு நிருபர் சொல்லியிருந்தார். நம்ம பாடப் புத்தகத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. 1913-இல் ஹென்றி ஃபோர்டு ஓடும் அசெம்பிளி லைன் கொண்டுவந்ததும், ஒரு மாடல் டி காரின் சேஸிஸைப் பூட்டும் நேரம் 12 மணிக்கு மேல் இருந்தது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. ஃப்ரெடரிக் டெய்லர் ஸ்டாப் வாட்ச் வைத்து மனுஷனுடைய கை அசைவை அளந்தார். பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நிற்கும் ஆள் என்ன ஆகிறான் என்பதற்கு சிலபஸில் இடம் இல்லை.

அந்த இடத்தைத்தான் 1936-இல் 'மாடர்ன் டைம்ஸ்' நிரப்பியது. அதில் என்னை ரொம்ப உலுக்கியது பல்சக்கரக் காட்சி இல்லை, சாப்பாடு ஊட்டும் மெஷின். மதிய உணவு நேரத்தை மிச்சம் பண்ண ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார். தொழிலாளி கையைத் தூக்க வேண்டாம். சூப், கறி, சோளக்கதிர் எல்லாம் மெஷினே வாயில் வைக்கும், வாயையும் துடைத்துவிடும். சோதனைக்கு சார்லியைப் பூட்டுகிறார்கள். சோளக்கதிர் பல்லில் தாறுமாறாகச் சுற்றுகிறது, சூப் நெஞ்சில் கொட்டுகிறது, நட்டும் வாய்க்குள் போகிறது. இன்ஜினியர்கள் பதறுகிறார்கள். யாருக்காக? மெஷினுக்காக. எல்லாரும் ஓடிப்போய் சர்க்யூட்டைப் பார்க்கிறார்களே ஒழிய, கட்டிப் போட்ட ஆளை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. முதலாளி அந்த மெஷினை வேண்டாம் என்கிறார். காரணம் அது கொடுமை என்பதல்ல, சரியாக வேலை செய்யவில்லை என்பது.

இன்னொரு இடம். லாரியிலிருந்து ஒரு எச்சரிக்கைக் கொடி விழுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது சிவப்பு என்று நமக்குத் தெரியும். நல்ல மனசோடு எடுத்து, லாரிக்காரரைக் கூப்பிட்டு ஆட்டுகிறார். பின்னால் தெருமுனை திரும்பி ஒரு தொழிலாளர் ஊர்வலம் வந்து சேர்ந்துகொள்கிறது. போலீஸ் வருகிறது. தலைவன் என்று இவரைத்தான் தூக்குகிறார்கள். இதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, பதினாறு வருஷத்தில் சாப்ளினுக்கே இதுதான் நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. கடைசியில் அந்த நாடோடி முதல் தடவையாக வாய் திறந்து பாடுகிறான். ஃபிரெஞ்சும் இத்தாலியும் போல ஒலிக்கும், எந்த மொழியும் இல்லாத உளறல். கதை மட்டும் எல்லாருக்கும் புரிகிறது.

ஹிட்லர் பிறந்தது 1889 ஏப்ரல் 20. சாப்ளினைவிட நாலே நாள் இளையவர். அதே மாதிரி ஒட்டுமீசை. சாப்ளின் யூதர் அல்ல. ஆனால் நாஜிகள் அவரை யூதர் என்று சொல்லி அசிங்கமாகப் பிரசாரம் செய்தார்கள். இல்லை என்று ஒரு வரி அறிக்கை விட்டால் முடிந்தது. அவர் விடவில்லை. மறுப்பதே யூதராக இருப்பது இழுக்கு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். நம்ம ஊரில் பேருக்குப் பின்னால் என்ன, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து விசாரிக்கும்போது, நான் அந்த ஆள் இல்லைப்பா என்று அவசரமாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்த நேரத்தில் இதை நினைத்துப் பார்க்கலாம்.

1939 செப்டம்பரில், உலகப் போர் வெடித்த சில நாளில் 'தி கிரேட் டிக்டேட்டர்' படப்பிடிப்பு ஆரம்பம். ஹாலிவுட் முதலாளிகள் அதுவரை ஜெர்மனி மார்க்கெட் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். சாப்ளின் சொந்தப் பணத்தைப் போட்டார். இங்கேயும் பழைய வித்தைதான், ஒரே மூஞ்சி, இரண்டு உடுப்பு. ஒருவர் டொமேனியா நாட்டுச் சர்வாதிகாரி ஹிங்கல். இன்னொருவர் யூதச் சேரியில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துகிறவர். கண்ணாடியில் யூதர் என்று பெயின்ட் அடிக்கும் சிப்பாய்கள், அதை அழிக்கப் போய் அடி வாங்கும் கடைக்காரர். அந்தப் பக்கம் ஹிங்கல் பலூன் பூகோள உருண்டையை முதுகாலும் தட்டி விளையாடிக் கனவு காண்கிறான், கடைசியில் அது வெடிக்கிறது. ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆட்சியின் சிப்பாய்களுக்கே, உடுப்பு மாறியதும் தங்கள் தலைவன் யார், யூதன் யார் என்று தெரியவில்லை. இனவெறியை இதைவிடச் சுருக்கமாகப் பொய்யாக்க முடியுமா தெரியவில்லை. முடிவில் வரும் நீளப் பேச்சு படத்தோடு ஒட்டவில்லை என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் 26 வருஷம் வாய் பேசாமல் படம் எடுத்த மனுஷன், பேசித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்த நேரம் அது. போருக்குப் பிறகு வதை முகாம்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தபோது, முன்பே தெரிந்திருந்தால் இதைச் சிரிப்பாக எடுத்திருக்கவே முடியாது என்று எழுதினார்.

பிறகு எல்லாம் இறங்குமுகம். போர்க்காலத்தில் ரஷ்யாவுக்கு உதவ வேண்டும் என்று மேடையில் பேசினார். கூட்டத்தைத் தோழர்களே என்று விளித்தார். போதாதா? எஃப்.பி.ஐ. கோப்பு தடித்துக்கொண்டே போனது. ஓர் இளம் நடிகை தொடுத்த தந்தைமை வழக்கில், ரத்தப் பரிசோதனை இவர் தகப்பன் இல்லை என்றது. கலிஃபோர்னியா நீதிமன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நாற்பது வருஷம் அங்கே வாழ்ந்தும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை என்பது இன்னொரு குற்றம். 1952 செப்டம்பரில் 'லைம்லைட்' வெளியீட்டுக்காக மனைவி ஊனா, பிள்ளைகளோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் சேதி வந்தது: திரும்பி வரும் அனுமதி ரத்து. வர வேண்டுமென்றால் அரசியல், ஒழுக்கம் இரண்டுக்கும் குடியேற்ற அதிகாரிகள் முன்னால் பதில் சொல்ல வேண்டும். 'தி இமிக்ரன்ட்' படத்தின் அதே கயிறு.

திரும்பிப் போகவில்லை. ஊனா மட்டும் போய்ப் பணத்தையும் பத்திரங்களையும் எடுத்து வந்தார். பிற்பாடு தன் அமெரிக்கக் குடியுரிமையையும் துறந்தார். குடும்பம் சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் பெரிய மாளிகையில் குடியேறியது. அங்கிருந்து 1957-இல் 'எ கிங் இன் நியூயார்க்' எடுத்தார். நாடிழந்த ராஜா ஒருவர் அமெரிக்காவின் சுதந்திரத்தைப் புகழ்ந்து நிருபர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பேசும்போதே அதிகாரிகள் அவர் கைரேகையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி சுமாரான படம்தான். கோபம் கூடி, சிரிப்பு குறைந்துவிட்டது. அமெரிக்காவில் வெளியாக ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆனது.

1972-இல் ஹாலிவுட் கூப்பிட்டு கௌரவ ஆஸ்கார் கொடுத்தது. அரங்கமே எழுந்து 12 நிமிஷம் கை தட்டியதாம். மேடையில் 82 வயசுக் கிழவர், பேச்சு வரவில்லை, தொப்பியை மட்டும் வைத்துப் பழைய வித்தை ஒன்றைச் செய்து காட்டினார். 1975-இல் இங்கிலாந்து ராணி சர் பட்டம் கொடுத்தார். லாம்பெத் விடுதியில் பெயர் பதிந்த பையனுக்கு. 1977 கிறிஸ்துமஸ் அன்று காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதோடும் முடியவில்லை. 1978 மார்ச்சில் யாரோ கல்லறையைத் தோண்டிச் சவப்பெட்டியோடு உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பணம் கொடுத்தால் திருப்பித் தருவோம் என்று போன். கேட்டால் சார்லியே சிரித்திருப்பார் என்று சொல்லி ஊனா ஒரு பைசா கொடுக்க மறுத்துவிட்டார். போலீஸ் வட்டாரத்துப் பொதுத் தொலைபேசிகளை எல்லாம் கண்காணித்து, மே மாதம் ஆட்களைப் பிடித்தது. பெட்டி ஒரு சோளக்காட்டில் புதைந்து கிடந்தது. மறுபடி அடக்கம் செய்தபோது மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள். பிடிபட்ட இரண்டு பேரில் ஒருவர் போலந்துக்காரர், மற்றவர் பல்கேரியாக்காரர். சொந்த நாட்டை விட்டுப் பிழைக்க வந்த மெக்கானிக்குகள். சின்னதாக ஒரு ஒர்க் ஷாப் திறக்கப் பணம் தேவைப்பட்டதாம்.